பால் ஊற்றாத பதினைந்து நாட்கள்

போன டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வதோதராவில் அவருக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். லிஃப்ட், பூட்டிய கதவுகள், புரியாத பாஷை. அரண்மனை, மியூசியம், கோயில் எல்லாம் முந்தைய பயணங்களிலேயே காட்டி முடித்தாயிற்று. "ஏங்கண்ணு, இந்த ஊர்ல மாடு கண்ணு பாக்கற மாதிரி எடமே இல்லியா?" என்று கேட்டார்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு ஆனந்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அங்கே கூட்டிப் போனேன். ஊர் நடுவில் பால் சொசைட்டி. இங்கே அதற்கு 'மண்டலி' என்று பெயர். தூக்குகளோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு என்று எண் விழுகிறது. அளவு, கொழுப்பு, தொகை மூன்றும் அச்சடித்த சீட்டு கைக்கு வருகிறது. சுவரில் விலைப்பட்டியல் தொங்குகிறது.

அம்மா அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தார். எந்தக் கோயிலிலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வெலைய ஆரு வெக்கறாங்க?"

நண்பரிடம் ஹிந்தியில் கேட்டேன். "யூனியன்தான். யூனியன் போர்டுக்கு ஆள் அனுப்புவது மண்டலித் தலைவர்கள். மண்டலித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நாங்கள்" என்றார். தமிழில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "அப்ப ஊத்தறவங்களேவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அவர் நம்பாததற்குக் காரணம் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊரில், எண்பதுகளில், எங்கள் கட்டுத்தரையில் இரண்டு எருமைகள் நின்றன. அப்போது எங்கள் ஊருக்கு சொசைட்டி வரவில்லை. சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு பால்காரர் வருவார். அவர் வைத்ததுதான் அளவு, அவர் சொன்னதுதான் விலை. "டவுன்ல வெல எறங்கிருச்சுங்க" என்பார். ஏறியதாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மனிதர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஒரு பெரிய வியாபாரி இருந்தார். ஆனால் எல்லா வீட்டுக்கும் அவர் முன்பணம் கொடுத்திருந்தார். முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் பால் ஊற்ற முடியாது. கடன் தீரவும் தீராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் கேள்விக்கு அன்று என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். இந்தப் பதிவு அந்தப் பதில்தான்.

எல்லோருக்கும் நல்ல திட்டம், ஒருவரைத் தவிர

1945-ல் பம்பாய் அரசாங்கம் 'பம்பாய் பால் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. நகரத்துக்கு நல்ல பால் வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கைரா (இன்றைய கேடா, ஆனந்த் மாவட்டங்கள்) பகுதியிலிருந்து பாலைக் காய்ச்சிக் குளிரவைத்து ரயிலில் கொண்டுவருவது என்று முடிவானது. அந்த வேலையைச் செய்யும் உரிமை பால்சன் கம்பெனிக்குப் போனது. பால்சன் வெண்ணெய் என்றால் அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களுக்கு 1930 வாக்கிலிருந்தே ஆனந்தில் பால் பண்ணை இருந்தது.

நகரத்துக்குப் பால் கிடைத்தது. கம்பெனிக்கு லாபம். கம்பெனிக்கும் விவசாயிக்கும் நடுவில் நின்ற ஒப்பந்தக்காரர்களுக்குக் கமிஷன். எருமை வளர்த்தவருக்கு மட்டும் விலையில் ஒன்றும் ஏறவில்லை. கம்பெனிக்கு என்ன விலை என்று பேசியவர்கள், கறப்பவருக்கு என்ன விலை என்று பேசவில்லை. எங்கள் ஊர்ப் பால்காரர் கதைதான். என்ன, இங்கே அது அரசாங்கத் திட்டமாகவே இருந்தது.

விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். அந்த மாவட்டம் அவருக்குக் கைரேகை மாதிரி. 1918-ல் காந்தியோடு சேர்ந்து அவர் நடத்திய நிலவரி மறுப்புப் போராட்டம் இதே கேடாவில்தான். பால்காரரை மாற்றிப் பயனில்லை, நீங்களே சங்கம் வைத்துப் பாலைப் பதப்படுத்தி விற்க வேண்டும் என்றார் படேல். அரசு மறுத்தால் பாலை நிறுத்த வேண்டியிருக்கும், நஷ்டம் வரும், தாங்குவீர்களா என்றும் கேட்டிருக்கிறார். தாங்குகிறோம் என்றார்கள். அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார்.

1946 ஜனவரி 4-ஆம் தேதி, ஆனந்துக்குப் பக்கத்தில் சமர்கா என்ற கிராமத்தில் கூட்டம். தீர்மானம் இதுதான்: ஊர் ஊராகப் பால் உற்பத்தியாளர் சங்கம் வைப்பது. அவற்றைச் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு யூனியன். பம்பாய் அரசு இந்த யூனியனிடம் மட்டுமே பால் வாங்க வேண்டும். மறுத்தால் யாருக்கும் ஒரு சொட்டுக்கூட விற்பதில்லை.

அரசு மறுத்தது. பால் நின்றது.

பதினைந்து நாள். பம்பாய்க்குப் போக வேண்டிய கைரா பால் போகவில்லை. கடைசியில் பால் கமிஷனரான ஆங்கிலேயரே நேரில் வந்து பார்த்துவிட்டு, கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்.

அதே வருடம் டிசம்பரில் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். காங்கிரஸ்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து மண்டலி அமைத்தவர் இவர்தான். 1948 ஜூனில் பால் பதப்படுத்தத் தொடங்கியபோது நாளொன்றுக்கு வெறும் 250 லிட்டர். வருடக் கடைசியில் 432 உறுப்பினர்கள், 5000 லிட்டர்.

அரசாங்கத்தின் கொள்முதல் கொள்கையை மாற்றிய பிறகுதான் இவர்கள் முதல் லிட்டர் பாலைப் பதப்படுத்தினார்கள். அமுல் என்றதும் நமக்கு வெண்ணெய் விளம்பரப் பாப்பாதான் ஞாபகம் வருகிறாள். ஆனால் தொடக்கம் வெண்ணெய் அல்ல, ஒரு வேலைநிறுத்தம்.

கோபியில் படித்த இன்ஜினியர்

வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு அரசு மருத்துவர் வேலை. அதனால் பள்ளிப் படிப்பு எங்கள் கோபிசெட்டிபாளையத்தில், வைரவிழாப் பள்ளியில். பிறகு சென்னை லயோலா, கிண்டி பொறியியல் கல்லூரி. (அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!) அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்காக, அரசாங்கம் போட்ட இடத்தில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் 1949 மே 13 அன்று ஆனந்தில் வந்து இறங்கினார். எப்போது கிளம்பலாம் என்றே இருந்தவரைத் திரிபுவன்தாஸ் பிடித்து நிறுத்தினார்.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர். குஜராத்தி கடைசிவரை சரளமாக வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்: நான் விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஊழியன், அவர்கள்தான் முதலாளி. திரிபுவன்தாஸ் கிராமங்களைப் பார்த்துக்கொண்டார், குரியன் டெல்லியைப் பார்த்துக்கொண்டார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை, குரியனின் நண்பர் எச்.எம்.தலாயா செய்தே காட்டினார். அந்தத் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 31-ல், படேல் பிறந்தநாளன்று, நேரு திறந்துவைத்தார்.

இதில் கொள்கை எங்கே வருகிறது? குளிர்காலத்தில் எருமை நிறையக் கறக்கும், கோடையில் வற்றிவிடும். மிஞ்சும் பாலை வாங்க ஆள் இல்லையென்றால் விலை விழும். பவுடரும் வெண்ணெயும் செய்ய முடிந்தால் வருடம் முழுக்க யூனியன் பால் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டு வெண்ணெயும் பவுடரும் மலிவாக வந்து குவிந்தால் அதை யார் வாங்குவார்கள்? குரியன் டெல்லிக்குப் போய் டி.டி.கிருஷ்ணமாச்சாரியைப் பார்த்தார். வெண்ணெய் இறக்குமதியைக் குறையுங்கள், அந்தப் பற்றாக்குறையை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்றார். அந்நியச் செலாவணி நெருக்கடி இருந்த காலம். டி.டி.கே. ஒப்புக்கொண்டார். கைரா எருமைக்கும் டெல்லி இறக்குமதிக் கொள்கைக்கும் இப்படித்தான் முடிச்சு விழுந்தது.

பிரதமர் தங்கிய ஒரு ராத்திரி

1964 அக்டோபர் கடைசியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, கஞ்சரியில் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறக்க வந்தார். முந்தைய இரவு அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு சிறு விவசாயி வீட்டில் தங்கினார். தெருத்தெருவாகப் போய்ப் பேசினார். மறுநாள் குரியனிடம் கேட்டதன் சாரம் இது: இந்த மண் அப்படியொன்றும் உசத்தி இல்லை, எருமை எங்கள் உத்தரப் பிரதேச எருமையைவிட மேல் இல்லை, அரசுப் பால் பண்ணைகள் எல்லா இடத்திலும் தோற்க இது மட்டும் ஏன் ஜெயித்தது? பண்ணைக்கு விவசாயிகளே சொந்தக்காரர்கள், வேறு காரணமில்லை என்றார் குரியன்.

அப்படியானால் நாடு முழுக்க இதையே செய்யுங்கள் என்றார் சாஸ்திரி. 1965-ல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. தலைமையகம் டெல்லியில் இல்லை, ஆனந்தில். குரியன் போட்ட நிபந்தனை அது.

அடுத்து 1970-ல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃப்ளட்'. ஐரோப்பாவில் அப்போது பால்பவுடர் மலைபோல் தேங்கிக் கிடந்தது. அது இலவசமாக இந்தியாவுக்குள் நுழைந்தால் இங்கே பாலுக்கு விலையே இருக்காது. வேண்டாம் என்றாலும் என்றைக்காவது மலிவாக வந்து சேரும். ஆனந்துக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1,26,000 டன் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் தானமாக வாங்கினார்கள். ஆனால் அதைத் தானமாகக் கொடுக்கவில்லை. பாலாக்கி நகரங்களில் விலைக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்கள், குளிரூட்டும் நிலையங்கள், டேங்கர்கள் என்று கட்டினார்கள். விவசாயியைக் கொன்றிருக்கக்கூடிய சரக்கே அவருக்கு முதலீடானது. 1996 வரை மூன்று கட்டமாக இது நடந்தது. 1950-51-ல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி, 2023-24-ல் சுமார் 24 கோடி டன்.

எல்லோரும் கைதட்டவில்லை. 1983-ல் கிளாட் ஆல்வாரிஸ் ஒரு ஆங்கில வார இதழில் இந்தத் திட்டத்தைக் கிழித்து எழுதினார். பெரிய சர்ச்சையாகி, அரசு எல்.கே.ஜா தலைமையில் குழு போட்டது. கிராமத்துப் பால் நகரத்துக்குப் போய்விடுகிறது, கலப்பின மாடும் தீவனமும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்ற கேள்விகள் நியாயமானவை. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. மாடு பார்ப்பது பெண்கள், சங்கத் தலைவர் நாற்காலிகளில் வெகுகாலம் உட்கார்ந்தது ஆண்கள். அதிலும் நிலமுள்ள படிதார்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் வரிசை ஒன்றுதான். முன்னால் வந்தவர் முன்னால் ஊற்ற வேண்டும், எந்த ஜாதியானாலும் பால் ஒரே கேனில் விழும். எங்கள் ஊர் டீக்கடையில் ரெட்டை டம்ளர் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

சங்கம் பேசினால் டெல்லி கேட்கிறது

1991-ல் லைசென்ஸ் முறை ஒழிந்து, பால் தொழிலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கூட்டுறவுகள் பதறின. 1992 ஜூனில் பால் மற்றும் பால் பொருள்கள் ஆணை வந்தது. நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் எவரும் பதிவுசெய்ய வேண்டும், இன்ன ஆலைக்கு இன்ன பகுதிப் பால் என்று எல்லை. இது விவசாயியைக் காத்ததா, நல்ல விலை தரக்கூடிய போட்டியாளரிடமிருந்து கூட்டுறவைக் காத்ததா என்று இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஒழுங்காக விலை தராத கூட்டுறவிடம் மாட்டிக்கொண்டவருக்கு அந்த எல்லை ஒரு வேலிதான். 2002-ல் எல்லைப் பிரிவு நீக்கப்பட்டது.

2019-ல் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இடம்பெற்ற ஆர்செப் வணிக ஒப்பந்தத்தில் இந்தியா சேரப்போகிறது என்றபோது, பால் கூட்டுறவுகள் வரிந்துகட்டின. குஜராத்தில் மாடு வளர்க்கும் பெண்கள் பிரதமருக்கு அஞ்சலட்டை எழுதினார்கள். அந்த நவம்பரில் இந்தியா விலகிக்கொண்டது. காரணம் பால் மட்டும் அல்ல, ஆனால் பாலும் ஒன்று.

நம்ம ஊர்

தமிழ்நாட்டிலும் இதே மூன்றடுக்கு அமைப்புதான். ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மேலே 1981 முதல் இணையம், நாமெல்லாம் ஆவின் என்று சொல்வது. ஆனால் அம்மாவின் கேள்வியை இங்கே கேட்டால் பதில் வேறு. ஆவின் கொள்முதல் விலையை அறிவிப்பது மாநில அரசு. அமைச்சர் சொன்னால் ஏறும். 2023 மார்ச்சில் விலை உயர்வு கேட்டு உற்பத்தியாளர்கள் ஆவினுக்குப் பாலை நிறுத்தினார்கள். லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது டிசம்பரில்.

நடுவில் மே மாதம் இன்னொன்று நடந்தது. அமுல், அதாவது நம் கைரா யூனியனே, கிருஷ்ணகிரிப் பக்கம் பால் கொள்முதலில் இறங்கியது. ஒரு கூட்டுறவின் பால் பகுதிக்குள் இன்னொரு கூட்டுறவு நுழைவதில்லை என்ற மரபு மீறப்படுகிறது என்று முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அமுலா ஆவினா என்று அரசியல் நடந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சமர்காவில் கூடியவர்கள் கேட்டது நல்ல விலை மட்டும் இல்லை, விலை வைக்கும் உரிமை. யார் வந்து வாங்கினாலும், ஊற்றுபவருக்கு ஓட்டு இல்லையென்றால், அவர் மறுபடியும் பால்காரர்தான். சைக்கிளுக்குப் பதில் டேங்கர்.

அந்த மூன்று நாள்

இதையெல்லாம் ஒரு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். பதினைந்து நாள் பாலை நிறுத்திய இடம் வந்ததும் அம்மா குறுக்கிட்டார். "நாங்களுந்தான் ஒருக்கா நிறுத்திப் பாத்தம்."

எனக்கு இது தெரியவே தெரியாது. எங்கள் வீதிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, விலை ஏற்றாவிட்டால் ஊற்றுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பாலை உறைகுத்தி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கியிருக்கிறார்கள். பால்காரர் சண்டை போடவில்லை. வீடு வீடாகப் போய், கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். மூன்று நாள்.

"ஆரும்மா மொதல்ல ஊத்துனது?" என்று கேட்டேன்.

"நாந்தான் கண்ணு. உனக்கு ஆஸ்டல் பீசு கட்டோணும். போசிய எடுத்துட்டு நாந்தான் மொதல்ல போனன். அப்பறம் எல்லாரும் வந்துட்டாங்க."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. கைராக்காரர்கள் ஏன் தாங்கினார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். புகையிலை விளையும் வளமான பூமி, பலருக்குப் பால் மட்டுமே வருமானம் இல்லை. 1918-லிருந்தே மறுத்துப் பழகிய ஊர்கள். பின்னால் படேல் நின்றார். எங்கள் வீதிப் பெண்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கையில் முன்பணம், முன்னால் பரீட்சை. தைரியம் இல்லாமல் தோற்கவில்லை, சங்கம் இல்லாமல் தோற்றார்கள்.

திரிபுவன்தாஸ் 1994-ல் போய்ச் சேர்ந்தார், குரியன் 2012-ல். ஆனந்தில் 2025-ல் அமைந்த கூட்டுறவுப் பல்கலைக்கழகத்துக்குத் திரிபுவன் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. வெளியூர்க்காரனான என் கணக்கில், அந்த மண்டலிச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியல்தான் அவருக்குப் பெரிய சிலை.

இந்த ஊரில் நம்மில் பலர் பால் காசில் படித்து வந்தவர்கள். அடுத்த முறை லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அப்போது விலையை யார் வைத்தார்கள், இப்போது யார் வைக்கிறார்கள் என்று. நான் கேட்க நாற்பது வருஷம் ஆகிவிட்டது.